இசோல்டேயின் சாவு, பத்து விரல்களில்

"ஒரிஜினல் இருக்கும்போது ஜெராக்ஸ் எதற்கு?" ஓபரா, அதாவது பாட்டாலேயே நடக்கும் மேற்கத்திய நாடகம், அதன் இசையைப் பியானோவுக்கு மாற்றி எழுதியதைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான்.

ஒலித்தட்டு வராத காலத்தில் அது ஓரளவு ஜெராக்ஸ் வேலைதான். ஓபரா அரங்கம் இல்லாத ஊரில், வீட்டுப் பியானோவில் யாராவது வாசித்தால்தான் உண்டு. ஆனால் பியானோ மேதையும் இசையமைப்பாளருமான ஃப்ரான்ஸ் லிஸ்ட் எழுதியவற்றை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. எல்லாமே பிரமாதம் என்றும் சொல்ல மாட்டேன். வெர்டியின் 'ரிகொலெட்டோ' ஓபராவில் நால்வர் சேர்ந்து பாடும் இடத்தை 1859இல் பியானோவுக்கு எழுதினார். வாசிப்பவரின் விரல்களைப் பார்த்தால் வாய் பிளந்துவிடும். அந்த நால்வரில் ஒருத்தி, காதலனின் துரோகத்தைக் கண்ட கில்டா. அவளுடைய அழுகை மட்டும் எனக்குக் கேட்பதில்லை. சரவிளக்கு குலுங்குகிற சத்தம்தான் கேட்கிறது.

நான் சொல்ல வந்தது இசோல்டேயைப் பற்றி. வாக்னரின் 'ட்ரிஸ்டானும் இசோல்டேயும்' என்ற ஓபரா 1865 ஜூன் 10 அன்று மியூனிக்கில் அரங்கேறியது. வாத்தியக் குழுவை நடத்தியவர் ஹான்ஸ் ஃபான் பியூலோ, லிஸ்ட்டின் சீடர், மருமகனும்கூட. அவருடைய மனைவி, அதாவது லிஸ்ட்டின் மகள் கோசிமா, இரண்டு மாதம் முன்புதான் வாக்னரின் குழந்தையைப் பெற்றிருந்தார். குழந்தைக்கு வைத்த பெயர் இசோல்டே! இத்தனைக்கும் நடுவே, 1867இல், அந்த ஓபராவின் கடைசிக் காட்சியைப் பியானோவுக்கு எழுதினார் லிஸ்ட். இறந்துபோன காதலன் ட்ரிஸ்டானின் அருகே இசோல்டே பாடிவிட்டுச் சாகும் காட்சி அது. 'காதல் மரணம்' என்ற பெயரை வாக்னர் ஓபராவின் தொடக்கத்தில் வரும் முன்னிசைக்குத்தான் வைத்திருந்தார். முடிவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது லிஸ்ட்டின் பிரதியால்.

பியானோவுக்கு ஒரு குறை உண்டு. கட்டையை அழுத்திய நொடியிலிருந்தே ஒலி தேய ஆரம்பித்துவிடும். வயலின் மாதிரி ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு பெருக்க முடியாது. வாக்னரின் இசையோ அப்படிப் பெருகுவதையே நம்பியிருக்கிறது. லிஸ்ட் என்ன செய்தார்? சுரங்களை மாற்றி மாற்றி வேகமாக அதிரவிட்டார். நிற்க வேண்டிய ஒலி நடுங்குகிறது. செத்துக்கொண்டே இருக்கும் சுரத்தை விரல்கள் திரும்பத் திரும்ப எழுப்புகின்றன. சாகப்போகிற ஒருத்தியின் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேண்டுமா என்று எனக்குத் தோன்றும்.

பியானோ கலைஞர் ஹொரோவிட்ஸ் இதை வாசித்ததைத் தேடிக் கேளுங்கள். 1989 நவம்பரில், இறப்பதற்கு நான்கு நாள் முன்பு முடித்த பதிவு. அந்தத் தட்டில் கடைசியாக வருவது இதுதான்.

அப்புறம் இன்னொன்று. ஓபராவில் இசோல்டே பாடி முடித்த இடம் தெளிவாகத் தெரியும். குரல் நின்றுவிடும், வாத்தியங்கள் மட்டும் தொடரும். பியானோவில் குரலும் வாத்தியமும் அதே விரல்கள்தான். அவள் எந்த இடத்தில் நிறுத்தினாள் என்று எத்தனையோ தடவை கேட்டும் என்னால் பிடிக்க முடியவில்லை.