26 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், 35 அடித்து அனுப்புகிறார்கள்

நேற்று மறுபடியும் அதே கதை. ஆயில் மாற்றத்தான் காரை விட்டேன். டயரைத் தொடச் சொல்லவே இல்லை. காரை எடுத்துக்கொண்டு கிளம்பி முதல் வளைவு வருவதற்குள் ஸ்டீயரிங்கே சொல்லிவிட்டது, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று. ஓரமாக நிறுத்தி அளந்தேன். நான்கு டயரிலும் காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐ. இந்தக் காருக்குக் கம்பெனி சொன்ன அளவு 26. அது போதாதென்று நானே ஒரு தாளில் கொட்டை எழுத்தில் '26 மட்டும்' என்று எழுதி டாஷ்போர்டில் ஒட்டியிருந்தேன். திரும்பிப் போய் மெக்கானிக்கைக் கேட்டால், "26 ரொம்பக் கம்மி சார், எல்லா வண்டிக்கும் நாங்க 35தான் வைக்கிறோம்" என்கிறார்.

எல்லா வண்டிக்கும்! இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. என் கார் எல்லா வண்டியும் இல்லை. அதற்காகத்தானே அதை வாங்கினேன்!

என்னுடையது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் வெளியே வந்த மாடல். 1.6 லிட்டர் இன்ஜின், ஏறத்தாழ 115 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம், எடை ஆயிரம் கிலோவுக்கும் கீழே. தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் அதை உருவாக்கிய குழு கிராம் கிராமாக எடையைக் குறைத்தது. குதிரையும் அதன் மேல் இருப்பவனும் ஒரே உடலாக ஓட வேண்டும் என்பதுதான் அவர்கள் பிடித்துக்கொண்ட எண்ணம். ஜப்பானிய மொழியில் அதை 'ஜின்பா இத்தாய்' என்பார்கள். அப்படி யோசித்து யோசித்து முடிவு செய்த எண் அந்த 26.

கணக்கும் கடினமானது இல்லை. 1,500 கிலோ காரில் ஒரு டயர் சராசரியாக 375 கிலோ சுமக்கிறது. என் காரில் 240 கிலோகூட வராது. அந்தச் சுமைக்கு 35 அடித்தால் டயர் விறைத்துக்கொள்கிறது, தரையில் பதியும் பரப்பு சுருங்குகிறது, பக்கச்சுவர் வளைந்துகொடுப்பதில்லை. சாலையில் கிடக்கும் சின்னக் கல்லும் முதுகுத்தண்டில் தெரிகிறது. மழை பெய்த சாலையில் பின்பக்கம் விலகப் போகிறது என்று இந்தக் கார் முன்கூட்டியே சொல்லும், அதுதான் இதன் அருமை. 35-ல் அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. அதிகக் காற்று பாதுகாப்பு என்று நினைத்து அடிக்கிறார்கள், நடப்பது நேர்மாறு.

சரி, காற்றையாவது ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். மற்றதை என்ன செய்வது?

இந்தக் காரை நான் இரண்டாவது கையாக வாங்கியபோது அது தரையோடு தரையாகக் கிடந்தது. முந்தைய உரிமையாளர் இருப்பதிலேயே மலிவான காயில்ஓவர் செட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக வருவது) ஒன்றைப் போட்டு 40 மில்லிமீட்டருக்கு மேல் இறக்கியிருந்தார். 14 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு 17 அங்குலம். பார்க்க அழகாக இருந்தது, மறுக்கவில்லை. ஓட்டினால்? வளைவுக்கு நடுவில் ஒரு சின்ன மேடு வந்தால் போதும், பின்பக்கம் 'டொக்' என்று அடித்துக் காரே பக்கவாட்டில் ஒரு அடி தள்ளிப்போகும். முதல் மாதம் முழுவதும் தப்பு என் ஓட்டத்தில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தப்பு பம்ப் ஸ்டாப்பில், அதாவது சஸ்பென்ஷன் அமுங்கி முடியும் இடத்தில் தடுக்கும் ரப்பர் கட்டையில். இந்தக் காரின் சஸ்பென்ஷன் மேலே போவதற்கு இருக்கும் இடமே கொஞ்சம்தான். அதில் 40 மில்லிமீட்டரைத் தின்றுவிட்டால் சாதாரணமாக ஓடும்போதே டேம்பர் (ஷாக் அப்சார்பர்) போய் அந்த ரப்பர் கட்டையில் உட்கார்ந்துவிடுகிறது. அதற்கு மேல் அங்கே ஸ்பிரிங் வேலை செய்வதில்லை, கட்டைதான் வேலை செய்கிறது. வளைவில் பாரம் ஏறிய டயருக்குத் திடீரென்று அந்த அடி விழுந்தால் பிடி விட்டுப்போகத்தானே செய்யும்?

இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. 'ஸ்போர்ட்ஸ் கார்னா ஸ்டிஃப்பாதான் இருக்கும்' என்பார்கள். எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும், காரில் பைத்தியமாக இருக்கும் எந்த நண்பரைக் கேட்டாலும் இதே பதில். யார் சொன்னது? ஒரே ஸ்பிரிங்கை 1,500 கிலோ காரிலும் 950 கிலோ காரிலும் போட்டுப் பாருங்கள். லேசான கார் நொடிக்குத் துள்ளும் எண்ணிக்கை கால் பங்கு கூடிவிடும். அதாவது எதையும் மாற்றாமலே லேசான காருக்கு அது விறைப்பான ஸ்பிரிங். போதாததற்கு இந்தக் கார் தாழ்வானது, எடை குறைவு, ஆகவே வளைவில் சாய வைக்கும் விசையும் குறைவு. சாய்வைத் தடுக்க அவ்வளவு முரட்டு ஸ்பிரிங் தேவையே இல்லை. கனமான காரைக் கட்டிப்போடக் கண்டுபிடித்த வைத்தியத்தைக் கொண்டுவந்து, நோயே இல்லாத காருக்குக் கொடுக்கிறார்கள்.

1996-ல் வந்த முதல் லோட்டஸ் எலீஸைப் பாருங்கள். சுமார் 725 கிலோ. ஒட்டிச் சேர்த்த அலுமினியச் சட்டகம், பவர் ஸ்டீயரிங் கிடையாது. முன்பக்க டயர் அகலம் வெறும் 185. மேடு பள்ளமான சாலையில் அது எவ்வளவு இதமாகப் போகும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். சட்டகம் விறைப்பு, ஸ்பிரிங் மென்மை. கம்பெனியைத் தொடங்கிய காலின் சாப்மன் காலத்திலிருந்தே லோட்டஸின் வழி அதுதான். உலகமே தலையில் வைத்துக் கொண்டாடும் அந்தக் காரைப் புகழ்ந்துகொண்டே, என் காருக்கு மட்டும் கருங்கல் மாதிரி ஸ்பிரிங் போடச் சொல்கிறார்கள்!

ரிம் விஷயத்தில் என் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கழற்றிய 17 அங்குல ரிம்மையும் தேடிப்பிடித்து வாங்கிய பழைய 14 அங்குல ரிம்மையும் தராசில் வைத்தேன். புதியது பத்து கிலோவை நெருங்கியது. பழையது ஆறைத் தாண்டவில்லை. டயரைச் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும். இந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை, சுற்றவும் வேண்டிய எடை. ஒவ்வொரு பள்ளத்திலும் அதைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சின்ன டேம்பர்தான். 14 அங்குலத்துக்கு மாறிய அன்று கார் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. அன்றைக்கே ஒருவர் கேட்டார், "ஏன் நல்ல ரிம்மைக் கழற்றிட்டீங்க?" என்று.

பந்தய டிராக்கில் ஓட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு வேண்டியது வேறு. வழவழப்பான தளம், ஒரே திசை, சூடான டயர், சூடான பிரேக். நான் ஓட்டுவது சாலையில். காலை குளிரில் டிராக் பிரேக் பேட் போட்ட காரை நிறுத்திப் பார்த்தால் தெரியும்: சூடு ஏறும் வரை கால் வைத்தும் கடிக்காது, ஏறாத நேரம் முழுக்கக் கீச்சிடும். டிராக்குக்கென்றே வரும், வரிப்பள்ளம் குறைந்த செமி ஸ்லிக் டயரும் அப்படியே. இவ்வளவு லேசான கார் சாலை வேகத்தில் அந்த டயரைச் சூடாக்கவே முடியாது. இதைத் தெரிந்தும் 'அப்கிரேட்' என்று சொல்லித் தலையில் கட்டுகிறவர்களை எப்படி மன்னிப்பது?

கடைசியாக அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. இதில்தான் நான் உடைந்துபோனேன். இந்தக் காரில் நான்கு சக்கரத்திலும் கேம்பர் (சக்கரம் மேலே உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருக்கும் கோணம்), டோ (சக்கரத்தின் முன்பகுதி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) இரண்டையும் மாற்றலாம். சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மின் போல்ட்டிலேயே கேம்பருக்கான கேம், அதாவது திருகினால் ஆர்மை நகர்த்தும் தட்டு, இருக்கிறது. 1989-லேயே ஒரு சாதாரண விலை காரில் அதைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். நான் போன இடத்தில், "இந்த வண்டில கேம்பர் வைக்க முடியாது சார், டோ மட்டும்தான்" என்றார்கள். போல்ட்டைக் கையால் தொட்டுக் காட்டினேன். "அது துருப்பிடிச்சிருக்கு" என்றார்கள். துருவை எடுக்கத்தானே சார் வந்திருக்கிறேன்! முன்பக்க டோவை மட்டும் திருகிவிட்டுத் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கிறது என்று ஒரு தாளை நீட்டினார்கள். அந்தப் பச்சை எவ்வளவு அகலமான எல்லை என்று அவர்களுக்கே தெரியும். இடப்பக்கம் ஓர் ஓரத்திலும் வலப்பக்கம் மறு ஓரத்திலும் இருந்தாலும் பச்சைதான். கார் நேராகப் போகாது.

சீட்டில் என் எடைக்கு எதையாவது வைத்துவிட்டு அளக்கச் சொன்னேன். சிரித்தார்கள். 75 கிலோ ஆள் இந்தக் காரின் எடையில் எட்டு சதவீதம். இரண்டு டன் வண்டியில் நான்குகூட இல்லை. பெரிய வண்டிக்குச் சிரித்தால் சரி, 950 கிலோ காருக்குச் சிரிக்கக் கூடாது. 45 லிட்டர் டேங்க் நிரம்பியிருக்கிறதா காலியா என்பதே இந்தக் காரில் தெரியும்.

நான் கேட்பது ஆடம்பரம் இல்லை. பணம் கொடுக்கிறேன், அளவையும் எழுதிக் கொடுக்கிறேன். அதை வைக்க முடியாது என்றால் முடியாது என்று சொல்லட்டும், வேறு இடம் பார்த்துக்கொள்வேன். செய்துவிட்டோம் என்று சொல்லி வேறொன்றைச் செய்து அனுப்புவதைத்தான் தாங்க முடியவில்லை.

நேற்று திரும்பி வரும் வழியில் சாலை ஓரத்தில் உட்கார்ந்து நான்கு டயரிலும் காற்றை இறக்கினேன். டயர் சூடாக இருந்ததால் 28-ல் நிறுத்தி, இன்று காலை ஆறிய பிறகு 26-க்குக் கொண்டுவந்தேன். அப்புறம் அதே வளைவுக்குப் போனேன். ஸ்டீயரிங் மறுபடியும் பேசியது. சனிக்கிழமை வேறொரு இடத்தில் அலைன்மென்ட். நான்கு சக்கரத்தின் போல்ட்டுகளிலும் இப்போதே துருநீக்கி அடித்து ஊற வைத்திருக்கிறேன். காரை விட்டுவிட்டு வரப் போவதில்லை, கடைசி போல்ட் முறுக்கி முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பேன்.