தாத்தாவின் குரலை ஏன் வெட்டினீர்கள்?

சென்ற வாரம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வெளியான அந்தக் கூத்துப் பதிவைப் பெரும்பாலோர் கேட்டிருப்பீர்கள். அதை வெளியிட்ட குழுவின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. என் தாத்தா கூத்துப் பாட்டுக் கற்றுக்கொடுப்பது பதிவாகியிருந்த தொண்ணூறு நிமிட கேசட்டை அவர்களிடம் நம்பிக் கொடுத்தவன் நான். வெளியே வந்தது பதினொரு நிமிடம், கூடவே "இரைச்சல் நீக்கப்பட்டது" என்ற குறிப்பு.

எதை இரைச்சல் என்கிறீர்கள்? இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் மத்தளம் நிற்கிறது, தாத்தா தொண்டையைச் செருமிக்கொள்கிறார். "அந்த அடியை இழுக்காதே தம்பி, திரௌபதி அங்கே அழுகிறாள்" என்கிறார். பையன் மறுபடி பாடுகிறான்; ஆர்மோனியம் அரைத் தாளம் பிந்தி வந்து சேர்கிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், வீட்டுத் திண்ணையில் 1984இல் பதிவான அந்தச் சில நிமிடங்கள்தாம் அவர் கற்றுக்கொடுத்ததற்கு எங்களிடம் மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி. அதைத்தான் வெட்டியிருக்கிறீர்கள்.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்த நாள் தொட்டு, இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்றே பெயர் பெற்றுவிட்ட நம் தெருக்கூத்து பெரும்பாலும் வாய்வழியாகவே பிழைத்துவந்தது. பாட்டைத் தமிழ்நாட்டிலும் தேடிப் பிடிக்கலாம். டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதியின் தமிழில் ஒரு வாத்தியார் மாணவனைத் திருத்தும் குரலுக்கு எங்கே போவது?

இளைஞர்கள் முழுவதையும் கேட்கமாட்டார்கள் என்பீர்கள். துண்டுகளைத் தாராளமாக வெளியிடுங்கள், முழுப் பதிவையும் பக்கத்திலேயே வையுங்கள். காப்பகங்கள் பயன்படுத்தும் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற உயர்ந்த ஒலித் தரத்தில் தொண்ணூறு நிமிடம் மூன்று ஜிபியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மூலப் பிரதியில் கைவைக்கக்கூடாது, சுத்தம் செய்வதெல்லாம் நகலில்தான் என்பது ஒலிக்காப்பகத் துறையின் பாலபாடம். கேசட்டின் இரைச்சலைக் கண்மூடித்தனமாக அழித்தால் அதே உயர் அதிர்வெண்ணில் இருக்கும் சலங்கை ஒலியும் 'ச'கரமும் சேர்ந்து மங்கும், மங்கித்தான் இருக்கின்றன.

இந்த நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. ஆப்பிரிக்க இசையைச் சேகரித்த ஹியூ ட்ரேசி ஊர் ஊராகச் சென்று பதிவு செய்தபோது பாடியவர் யார், எந்த ஊர், எந்த மொழி என்று அட்டைகளில் குறித்துவைத்தார். 1954இல் அவர் நிறுவிய ஆப்பிரிக்க இசை நூலகம் மக்காண்டா நகரில் இன்றும் இயங்குகிறது. உங்கள் பதிவில் ஊரும் இல்லை, ஆண்டும் இல்லை, பாடியவர் பெயரும் இல்லை. நான் எழுதிக் கொடுத்த தாள் என்னவாயிற்று?

சம்பளம் வாங்காமல் உழைத்தவர்களைக் குறை சொல்லலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். உழைப்புக்கு நன்றி சொல்லிவிட்டேன், இன்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்கிறேன். ஆனால் நன்றிக்கு விலையாகத் தாத்தாவின் குரலைக் கேட்காதீர்கள். வீட்டு அந்தரங்கம் வெளியே போய்விடும் என்ற கவலை நியாயமானது. அப்படிப்பட்ட இடத்தைக் குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டு மறைக்கலாம். எங்களிடம் யாரும் கேட்கவில்லையே! என் அம்மா அந்தப் பதினொரு நிமிடத்தை இரண்டு முறை ஓடவிட்டு, "அப்பா பேசுவது எப்போது வரும்?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கேசட் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. வெட்டுவதற்கு முன் எடுத்த முழுக் கோப்பை அழித்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். வெள்ளிக்கிழமை மாலை வருகிறேன், இரண்டையும் எடுத்துவையுங்கள்.