50,000 காசு வாளும் 5,000 காசுக் கம்பியும்

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம், அதாவது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம், ஆடுகிறவர்களுக்காக எழுதுகிறேன், ஆடாதவர்களும் படிக்கலாம். லெவல் ஏற ஏற நம்மை வாங்கச் சொல்லும் விலையுயர்ந்த மேஜிக் ஐட்டங்களில் பெரும்பாலானவை கொடுத்த காசுக்குத் தகுந்தவை இல்லை என்பது என் உறுதியான கருத்து. விலை அதிகம் என்பதல்ல என் குறை. அத்தனை காசு கொடுத்து வாங்கிய பிறகும் ஆட்டத்தில் எதுவும் மாறுவதில்லை, அதுதான் குறை.

சேலத்தில் எங்கள் குழு அதிகம் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5 பதிப்பையே (2003) எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மந்திர வாளின் விலை எப்படி வருகிறது? போனஸை, அதாவது டைஸில் விழும் எண்ணோடு கூட்டிக்கொள்ளும் எண்ணை, அதே எண்ணால் பெருக்கி, அப்புறம் 2,000ஆல் பெருக்க வேண்டும். +1க்கு 2,000 பொற்காசு, +2க்கு 8,000, +3க்கு 18,000, +4க்கு 32,000, +5க்கு 50,000. வாளின் சொந்த விலை தனி. ஆக +4லிருந்து +5க்குப் போக 18,000 காசு, அதற்குக் கிடைப்பது 20 பக்க டைஸில் ஒரே ஒரு எண், அதாவது 5 சதவீதம், கூடவே அடியின் பலத்தில் ஒரு புள்ளி. இதோடு ஆபத்தைத் தாங்க உதவும் +5 ரெசிஸ்டன்ஸ் மேலங்கி 25,000, வலிமையை +6 கூட்டும் பெல்ட் 36,000. மூன்றும் சேர்த்து 1,11,000. 13ஆம் லெவல் கேரக்டரிடம் மொத்தமாகவே 1,10,000 காசு மதிப்புக்குத்தான் பொருள் இருக்கும் என்று அதே விதிப்புத்தகம் சொல்கிறது.

சரி, இவ்வளவும் வாங்கியாயிற்று, அடுத்த சண்டைக்குப் போகிறோம். அங்கே நிற்கிற அரக்கனின் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி பட டைஸும் போனஸும் சேர்ந்து எட்ட வேண்டிய எண், நமக்கு முன்பே ஏறிப்போய் நிற்கிறது. 5ஆம் லெவலில் டைஸில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி பட்டது, 15ஆம் லெவலிலும் கிட்டத்தட்ட அதே 10 விழுந்தால்தான் படுகிறது. நாம் வாங்கியது பலம் இல்லை, அதே இடத்தில் நிற்பதற்கான கட்டணம். வாங்காமல் விட்டால் பின்தங்குவோம், வாங்கினால் முந்த மாட்டோம். இதைப் பரிசு என்று சொல்லி புதையல் பெட்டிக்குள் வைப்பது ஆடுகிறவர்களுக்குச் செய்கிற நியாயம் இல்லை.

கணக்குப் பார்த்து ஆடுகிற நண்பர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள், அது சரியான பதிலும்கூட. 11 விழுந்தால் அடி படும் என்ற நிலையில் ஒரு +1 கூடினால் 20ல் 10 வாய்ப்பு 11 ஆகிறது, பத்து சதவீதம் அதிக அடி. உயர் லெவல் போர்வீரன் ஒரே சுற்றில் செய்யும் மூன்றாவது நான்காவது தாக்குதலுக்கு 19 விழ வேண்டும் என்ற நிலை இருந்தால், அதே +1 அங்கே 2 வாய்ப்பை 3 ஆக்குகிறது, ஒன்றரை மடங்கு. எண் ஏறுவதைப் பார்ப்பதில் உண்மையான மகிழ்ச்சி இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது கேரக்டர் ஷீட்டில், நம் எண்களை எழுதிவைக்கும் தாளில், இருக்கிற மகிழ்ச்சி. மேஜை மேல், நாலு பேர் நடுவில், யாரும் அதைக் கவனிப்பதில்லை.

இதே வகை இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு (2019) இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டிருக்கிறது. அதில் ஆயுதத்தில் பொறிக்கும் ஸ்ட்ரைக்கிங் ரூன் என்ற மந்திர எழுத்து, அடியைக் கணக்கிட இன்னொரு டைஸே தருகிறது. 4ஆம் லெவலில் 65 காசு, 12ஆம் லெவலில் அடுத்தது 1,065, 19ஆம் லெவலில் கடைசியானது 31,065. ஒரு டைஸுக்குப் பதில் நாலு டைஸைக் கையில் அள்ளிக் குலுக்குவது விரலுக்கே தெரிகிற மாற்றம், +1 என்று பென்சிலால் திருத்துவதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அரக்கர்களின் உயிர்ப்புள்ளி அந்த ரூன்கள் நம்மிடம் இருக்கும் என்று நினைத்தே கணக்கிடப்பட்டிருப்பதால் கட்டணம் கட்டணம்தான். அதனால்தான் 2020இல் வந்த கேம்மாஸ்டரி கைடில் இந்த போனஸ்களையெல்லாம் லெவலோடு சும்மா கொடுத்துவிடும் ஒரு மாற்று விதியையும் சேர்த்தார்கள். எனக்குத் தெரிந்து அந்தப் புத்தகத்திலேயே பயனுள்ள பக்கங்கள் அவைதான்.

இன்னொன்று, யாரும் அதிகம் பேசாதது: காலம். நம் ஊர்க் குழுக்கள் எத்தனை 20ஆம் லெவல் வரை போகின்றன? ஒருவருக்குப் பெங்களூரில் வேலை கிடைக்கும், ஒருவருக்குக் கல்யாணம் ஆகும், 12ஆம் லெவல் பக்கம் காம்பெயின், அதாவது வாராவாரம் தொடரும் கதை, நின்றுவிடும். 17ஆம் லெவலில் கொடுக்கலாம் என்று ஆட்டத்தை நடத்துகிற டிஎம் பத்திரமாக வைத்திருக்கிற பெரிய மந்திரக்கோல் அவருடைய நோட்டிலேயே கிடக்கும். அப்படியே கொடுத்தாலும் அதைச் சுழற்ற மீதி இருப்பது சில ஞாயிற்றுக்கிழமைகள். ஒரு ஐட்டத்தின் மதிப்பைப் பார்க்கும்போது அது எத்தனை ஆட்டம் கையில் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா?

இப்போது அந்த 5,000 காசுக் கம்பி. இம்மூவபிள் ராட். பட்டனை அமுக்கினால் காற்றில் எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும், 8,000 பவுண்டு, அதாவது சுமார் 3,600 கிலோ வரை தாங்கும். வேறு எந்த போனஸும் கிடையாது. ஏற்காடு மலைப்பாதையை அப்படியே எடுத்து, 20 கொண்டை ஊசி வளைவோடு, பக்கத்தில் காப்பித் தோட்டமும் சில்வர் ஓக் மரங்களுமாக ஒரு மலையை வைத்து நான் ஒரு காம்பெயின் நடத்தினேன். மேலிருந்து ஆர்க் என்ற அரக்கர் கூட்டம் இரும்புச் சக்கரம் பூட்டிய வண்டியில் இறங்கி வருகிறது, கீழே ஊர். +3 வாள் வைத்திருந்தவர் வண்டியில் தாவி ஏறி வெட்டுவதாகச் சொன்னார், நல்ல டைஸ், நல்ல அடி. திருடன் கேரக்டர் ஆடிய தம்பி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அண்ணா, அந்த வளைவுல வண்டி மெதுவாகும் இல்லைங்களா? சக்கரத்து ஆரத்துக்கு நடுவுல கம்பியை விட்டு பட்டனை அமுக்கறேன்" என்றான். ஒரு நொடி யாரும் பேசவில்லை, அப்புறம் மேஜையே எழுந்து நின்றது. வண்டி அந்த வளைவிலேயே புரண்டு பள்ளத்தில் போனது. எங்கள் குழுவில் இன்றைக்கும் அந்த வளைவைப் பற்றிப் பேசுகிறார்கள். அன்று வாள் எத்தனை புள்ளி அடித்தது என்று வாளை வைத்திருந்தவருக்கே நினைவில்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் எங்களோடு ஆடுகிறார். அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது: கொலுசு விலையில் வெள்ளி ஒரு பங்கு, கூலி ஒரு பங்கு, கடையில் வாங்கிய +5 வாளுக்கு வெள்ளி விலை மட்டும்தான் உண்டு, கூலி என்பது ஆட்டத்தில் நாம் பட்ட பாடு. அதனால் அவருடைய கேரக்டரான ட்வார்ஃப், குள்ள இனத்து வீரன், எதையும் கடையில் வாங்குவதில்லை. சேலம் பக்கத்துக் கஞ்சமலை இரும்பில் அவரே அடித்த கோடரி ஒன்று வைத்திருக்கிறார், கதையில் பெரிதாக ஏதாவது நடக்கும்போதெல்லாம் நான் அதற்குப் புதிதாக ஒரு ஆற்றல் கொடுக்கிறேன்.

கஞ்சமலை என்றதும் அந்தச் சித்தர் கதையும் சொல்ல வேண்டும். மூலிகைக் குச்சியால் சோற்றைக் கிளற, சோறு கறுத்துப்போக, அதைத் தின்ற முதியவர் இளைஞரானார் என்று அங்கே சொல்வார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5ஆம் பதிப்பில் (2014) ஆடியபோது அந்தக் குச்சியை ஐட்டமாகவே வைத்தேன், ஒரே ஒரு தடவைதான் வேலை செய்யும். அந்தப் பதிப்பில் பேயின் முகத்தைப் பார்த்துப் பயந்து, ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் சேவிங் த்ரோ மோசமாகத் தவறினால் 10 முதல் 40 வயது வரை கூடிவிடும். எங்கள் மந்திரவாதிக்கு 40 கூடியது. அதே வாரம் ஒரு கிழட்டு ராஜா அந்தக் குச்சிக்கு ஒரு கோட்டையையே தருவதாகச் சொன்னார். அன்று முழுக்கச் சண்டையே இல்லை, டைஸைத் தொடவும் இல்லை, விற்பதா நண்பனுக்குக் கொடுப்பதா என்று இவர்களே இரவு வரை வாதாடினார்கள். விலை உயர்ந்த பொருள் என்றால் எனக்கு அதுதான். கடைசியில் மந்திரவாதியே, "வேண்டாங்க, கோட்டையை வாங்கிக்கலாம்" என்றார், அதற்கும் ஒரு சண்டை.

அதனால் அடுத்த காம்பெயினில் வெறும் போனஸ் ஐட்டங்களைக் கடைப்பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன். வாள், கவசம், சேவிங் த்ரோ போனஸெல்லாம் லெவலோடு தானாக வரும், புதையலும் அதற்கேற்பக் குறையும். காசு செலவழிக்க வேண்டுமானால் பறக்க, மறைய, கதவில்லாத சுவரில் கதவு வைக்க, ஆற்றைத் திருப்ப. பெரிய கோலை 5ஆம் லெவலிலேயே கையில் கொடுத்துவிடப் போகிறேன், ஆற்றல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கட்டும். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? உங்கள் மேஜையில் கொடுத்த காசுக்கு உண்மையிலேயே தகுந்ததாக இருந்த ஐட்டம் எது என்று கமெண்டில் எழுதுங்கள், நல்லதாக இருந்தால் எங்கள் கடைப்பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்.