விற்கப் போற வீடா? முதல்ல மொட்டை மாடிக்கு ஏறுங்க

வீட்டை விக்கிறதுன்னு முடிவானதும் பலபேர் முதல்ல கூப்பிடுறது பெயிண்டரையும் மாடுலர் கிச்சன் ஆளையும்தான். அந்தக் காசு முதல்ல மொட்டை மாடிக்குப் போகணும்னு நான் அடிச்சுச் சொல்வேன். கிச்சன் அலமாரியை வாங்குறவங்க வந்ததும் கழட்டிட்டு வேற மாதிரி வச்சுக்குவாங்க. ஆனா சீலிங்ல ஒரு தண்ணிக் கறை தெரிஞ்சா பேரமே வேற மாதிரி போகும். உள்ள எவ்வளவு சேதம்னு தெரியாததால, பெருசாவே கணக்குப் போட்டுக் குறைப்பாங்க.

கறை மேல பட்டி வச்சு மறைக்காதீங்க. ஈரம் உள்ள இருக்கிற வரைக்கும் அது உப்பி உரியும். வாங்குறவங்களுக்குச் செய்யுற துரோகமும்கூட.

மழைநீர் குழாய் வாயை அடைச்சு, 2 அங்குலம் தண்ணி கட்டி, ஒண்ணு ரெண்டு நாள் விட்டுக் கீழே சீலிங்கைப் பாருங்க. பெரும்பாலும் நடுத்தளம் ஒழுகாது. தளமும் கைப்பிடிச் சுவரும் சேர்ற மூலை, குழாய் தளத்துக்குள்ள இறங்குற இடம், டேங்க் தூணோட அடி, இங்கதான் ஒழுகும். வெயில்ல தளம் விரிஞ்சு சுருங்குற அளவுக்குச் சுவர் நகராது. அதனால ரெண்டும் சேர்ற இடத்துல முடி மாதிரி விரிசல் விழும்.

அந்த விரிசலை அகலமா வெட்டி, பாலிமர் கலந்த சிமெண்ட் கலவையால அடைக்கணும். மூலையில 1:3 கலவையை (ஒரு பங்கு சிமெண்ட், மூணு பங்கு மணல்) சாய்வா 2 அங்குலத்துக்குப் பூசணும். காஞ்சதும் பாலிமர் சிமெண்ட் கோட்டிங் ரெண்டு கை: முதல் கை நீளவாக்குல, அடுத்தது குறுக்குவாக்குல. மூலையில முதல் கை ஈரமா இருக்கும்போதே ஃபைபர் வலையைப் பதிச்சிடணும். கோட்டிங்கைச் சுவர்ல ஒரு அடி உயரத்துக்கு ஏத்தணும். தளத்தோட நிறுத்துற கொத்தனார்தான் அதிகம். அந்த ஓரம் வழியாத்தான் அடுத்த ஐப்பசி மழை உள்ள இறங்கும்.

பழைய தட்டோடு இருந்தா தட்டிப் பாருங்க. நிறைய ஓடு பொள்ளலா சத்தம் கொடுத்தா எடுத்துட்டுத்தான் வேலை செய்யணும். ஈரத்தை உள்ள வச்சு மேல கோட்டிங் அடிச்சா வெயில்ல கொப்புளம் கிளம்பும். புதுசா போடும்போது வாட்டம், அதாவது தண்ணி வடியுற சரிவு, 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வேணும். ரசமட்டம் வச்சு நீங்களே பாருங்க.

சீலிங்ல காரை விழுந்து கம்பி தெரிஞ்சா, துரு முடியுற இடம் வரைக்கும் கம்பிக்குப் பின்னாலயும் கொத்தி எடுத்து, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, துருத் தடுப்புப் பூச்சு அடிச்சு, பாலிமர் கலவையால மூடணும். கம்பி துருவுல கரைஞ்சு மெலிஞ்சிருந்தா கொத்தனார் போதாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்க.

மாடியில தனி அறை எழுப்பி விலையை ஏத்தலாம்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு. வாங்குறவர் லோன் போட்டா, பேங்க் அனுப்புற மதிப்பீட்டாளர் அப்ரூவல் பிளானைக் கையில வச்சுக்கிட்டுத்தான் வருவார். பிளான்ல இல்லாத அறையைப் பொதுவா மதிப்புல சேர்க்க மாட்டாங்க. சில சமயம் லோனே அதனால நின்னுபோகும்.