முதல் ஏ.யூ.ஜி. மட்டும் போதாது
'தூது ஆர்.என்.ஏ.வின் (ஜீனின் செய்தி நகல்) முனையில் ஏறும் ரைபோசோம் (புரதம் கட்டும் இயந்திரம்), முதலில் தென்படும் ஏ.யூ.ஜி.யிலேயே (தொடக்கக் குறியான மூன்று எழுத்து) புரதம் கட்டத் தொடங்கும்' என்று கட்டுரை சொல்வது நம் செல்களுக்குப் பெரும்பாலும் சரி, பாக்டீரியாவுக்குச் சரியில்லை. அங்கே ஏ.யூ.ஜி.க்குச் சில எழுத்துகள் முன்னால் ஷைன்-டால்கார்னோ வரிசை என்ற சிறு எழுத்துத் தொடர் வேண்டும். ரைபோசோமின் 16எஸ் ஆர்.என்.ஏ. அதோடு இணை சேர்ந்துதான் இடத்தைப் பிடிக்கிறது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எம்.எஸ்சி. புராஜெக்டில் ஒரு செடியின் ஜீனை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் போட்டு, புரதம் உண்டானதா என்று மூன்று வாரம் ஜெல் ஓட்டிப் பார்த்தேன், அதற்கான பட்டையே விழவில்லை. பார்த்தால், வெட்டி ஒட்டும்போது அந்த வரிசையையும் சேர்த்து வெட்டி வைத்திருக்கிறேன்! ஏ.யூ.ஜி. பத்திரமாக இருந்தது, என்ன பிரயோஜனம்? அப்புறம், மேலே பின்னூட்டத்தில் 'மனித செல்லில் இதற்கு விதிவிலக்கே கிடையாது' என்று எழுதியிருக்கும் நண்பருக்கு: போலியோ வைரஸைப் பாருங்கள். அதன் ஆர்.என்.ஏ.வுக்கு முனையில் தொப்பி (ரைபோசோம் ஏறப் பிடிமானமாகும் வேதிக் கூறு) கிடையாது. புரதப் பகுதிக்கு முன்னால் 740 எழுத்துகளுக்கு மேல், அதற்குள் பல ஏ.யூ.ஜி.க்கள். ரைபோசோம் நேராக நடுவில் வந்து இறங்குகிறது. 1988-இல் பெல்லட்டியர், சோனென்பெர்க் என்ற ஆய்வாளர்கள் காட்டியது இது. போதாக்குறைக்கு, தொப்பியிடம் ரைபோசோமைக் கொண்டுவர உதவும் நம் செல்லின் இ.ஐ.எஃப்.4ஜி புரதத்தையும் வைரஸ் வெட்டிவிடுவதால், தொப்பி போட்ட நம் ஆர்.என்.ஏ.க்கள்தான் ரைபோசோம் கிடைக்காமல் காத்துக் கிடக்கின்றன.