கதிர்காமத்துக்கு நடக்கும் கால்கள்

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 63 வயது. கதிர்காம முருகன் கோயிலின் ஆடிவேல் உற்சவத்தை ஒட்டி ஊரிலிருந்து புறப்படும் குழுவோடு சேர்ந்து, திருக்கோவில், பொத்துவில், பாணமை வழியாக உகந்தைமலை வரை நடந்து, அங்கிருந்து குமுக்கன் ஆற்றைக் கடந்து யால காட்டுக்குள் இறங்கிக் கதிர்காமம் போய்ச் சேரும் பாதயாத்திரையை அவர் இதுவரை 9 தடவை முடித்திருக்கிறார். அதே பெரியம்மாவிடம், சீனி வருத்தத்துக்காக மாதந்தோறும் போகும் கிளினிக்கில், நாளுக்கு அரை மணிநேரம் நடக்கும்படி சொல்லி நான்கு வருடங்கள் ஆகிவிட்டன. வீட்டிலிருந்து கடற்கரை பத்து நிமிட நடைதான். அவர் நடக்கவில்லை. கேட்டால், "போகத்தான் வேணும் மனே, மனசு வருதில்ல" என்பார்.

சோம்பேறி என்று எவரும் சொல்ல முடியாத ஒரு மனிதரின் வாயிலிருந்து வருவதால் அந்த "மனசு வருதில்ல" என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. நானும் அதே சொல்லைத்தான் வேறு காரியங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சென்ற வருடம் அவர் யாத்திரை முடித்து வந்தபோது, காலில் கொப்புளம் போட்டிருக்கும் நிலையில், விடியுமுன் காட்டுக்குள் எழுந்து நடப்பதற்கு அங்கே மட்டும் மனம் எப்படி வருகிறது என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அங்க ஆரு மனே மனசக் கேக்கிற? சாமி எழும்புங்க எண்டு ஒராள் சத்தம் போட்டா எழும்பி நடக்கிறதான்" என்றார்.

ஊக்கத்தைப் பற்றி நான் வாசித்த எத்தனையோ பதிவுகளில் இல்லாத விடயம் இந்தப் பதிலில் இருக்கிறது என்பது என் எண்ணம். உகந்தையில் காட்டுப்பாதை திறக்கும் திகதியும் மூடும் திகதியும் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. பெரியம்மாவின் வசதிக்காக அது ஒரு நாளும் பிந்தாது. கூட நடப்பவர்கள் வயதும் ஊரும் பாராமல் ஒருவரையொருவர் சாமி என்று அழைக்கிறார்கள். ஒருவர் பின்தங்கினால் முன்னால் போகிறவர் நின்று திரும்பிப் பார்க்கிறார். பாதிக் காட்டில் மனம் மாறினாலும் தனியே திரும்பி வருவது முன்னே போவதைவிடக் கடினம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நேர்த்தி வைத்துப் புறப்பட்ட பெண்ணிடம் அந்த நாட்களில் வீட்டில் எவரும் தேநீர் கேட்பதில்லை. பேரப்பிள்ளைக்குப் பாடசாலைச் சாப்பாடு கட்டும் வேலையை மருமகள் எடுத்துக்கொள்கிறாள். பெரியப்பா கடையில் இடியப்பம் வாங்குகிறார்.

இந்தக் கடைசி விடயத்தைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. கடவுளின் பெயரால் பதினைந்து, இருபது நாட்களைத் தயங்காமல் விட்டுக்கொடுக்கும் அதே வீடு, வைத்தியர் சொன்ன அரை மணிநேரத்தை அவருக்குக் கொடுப்பதில்லை. அவரும் அதைக் கேட்டு வாங்குவதில்லை. காலை ஐந்தரை மணி அவருடைய நேரமாக இருந்ததே கிடையாது. அது அடுப்பின் நேரம். ஆகவே "மனசு வருதில்ல" என்று அவர் சொல்லும்போது, அதில் பாதியை "நேரம் என் கையில் இல்லை" என்றுதான் நாம் கேட்க வேண்டும். மாதச் சம்பளத்தோடு மேசைக்கு முன்னால் இருக்கும் என்னைப் போன்ற ஒருவர், அப்படிப்பட்டவர்களுக்கு மன உறுதியைப் பற்றி வகுப்பெடுப்பது அவ்வளவு நாகரிகமான செயலாக எனக்குத் தோன்றவில்லை.

தொடங்குவதற்கான உற்சாகத்தில் நமக்கு ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. சனவரி முதலாம் திகதி போனால் தைப்பொங்கல், அதுவும் போனால் சித்திரைப் புத்தாண்டின் சுபநேரம், அதையும் தவறவிட்டால் விசயதசமி என்று, வருடத்துக்கு நான்கு தடவை புதிதாகப் பிறக்கும் வசதியைப் பஞ்சாங்கமே செய்து தந்திருக்கிறது. வாரம், மாதம், வருடம் ஆகியவற்றின் தொடக்கத்தில் மக்கள் உடற்பயிற்சிக் கூடங்களுக்கு அதிகம் போகிறார்கள் என்று ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன் முதலியோர் 2014 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அது நம் ஊருக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன், ஒரு வேடிக்கையான வேறுபாட்டோடு. சனவரியில் மட்டக்களப்பில் மாரி முற்றாக ஓய்ந்திருப்பதில்லை. வடகீழ்ப் பருவமழையில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் தாழ்ந்த வீதிகள் வெள்ளத்தில் கிடக்கும் காலத்தில், அதிகாலையில் ஓடப்போவதாக நாம் சபதம் எடுக்கிறோம். மழை விட்டபின் தொடங்கலாம் என்று ஒத்திவைத்தால், கொஞ்சக் காலத்தில் கச்சான் காற்று வந்து வெயிலைக் காரணம் காட்ட உதவுகிறது.

நான் செய்த ஒரு பிழையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2022 இல், நாள்தோறும் சிங்களம் படிக்கப்போவதாக இதே முகநூலில் அறிவித்தேன். விருப்பக்குறிகளும் வாழ்த்துகளும் வந்து குவிந்தன. அன்றிரவு பாதி மொழியைக் கற்றுவிட்ட நிறைவோடு தூங்கினேன். ஒன்பதாம் நாள் நிறுத்திவிட்டேன். பீற்றர் கோல்விட்சர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2009 இல் வெளியிட்ட ஆய்வை அதன்பின்தான் அறிந்தேன். இன்னாராக ஆக வேண்டும் என்ற எண்ணத்தைப் பிறர் கவனித்து ஏற்றுக்கொண்டுவிட்டால், அதற்கான உழைப்பு குறைந்துவிடுவதை அவர்கள் தம் பரிசோதனைகளில் கண்டிருந்தார்கள். ஆயிரம் பேருக்குச் சொல்வதும் ஒருவரைக் காக்க வைப்பதும் ஒன்றல்ல என்று அன்று விளங்கியது. வாழ்த்துச் சொன்ன எவரும் பத்தாம் நாள் வந்து, "ஏன் படிக்கவில்லை?" என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கவும் இல்லை.

அதற்கு முன்பே நான் சிங்களப் பரீட்சையில் சித்தியடைந்திருந்தேன் என்பது இன்னும் வெட்கமான செய்தி. அரச உத்தியோகத்தர்கள் இரண்டாம் அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதி இருப்பதால், சம்பள ஏற்றம் தடைப்பட்டுவிடும் என்ற பயத்தில், மூன்று மாதம் இரவிரவாக மனனம் செய்து எழுதினேன். பெறுபேறு வந்த அன்றே புத்தகத்தைக் கட்டி மேலே போட்டேன். இன்று அம்பாறை நகரத்துக்கு அலுவலாகப் போனால், கடைக்காரரிடம் விலை கேட்பதற்குள் வியர்த்துவிடுகிறது. கட்டாயம் என்னை வாசல் வரை தள்ளிவிட்டுத் தன் வேலை முடிந்ததென்று போய்விட்டது. கதிர்காமத்துக்கு ஒரு கொடியேற்றமும் ஒரு தீர்த்தமும் உண்டு. மொழிக்கும் உடம்புக்கும் அப்படி ஒரு தீர்த்த நாள் கிடையாது. ஆகவே யாத்திரையிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

விட வேண்டியவற்றில் முதலாவது, என்னைப் பொறுத்தவரை, விரதப் புத்தி. கேதாரகௌரி விரதத்தின் 21 நாட்களில் ஒரு நாள் பிசகினாலும் விரதம் முறிந்ததாகக் கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். அதனால்தானோ என்னவோ, எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்ற கதையை நாம் இலேசாக நம்பிவிடுகிறோம். அந்தக் கணக்கின் மூலத்தைத் தேடிப் போனால் மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்க அழகியல் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போய்ச் சேர்கிறது. சிகிச்சை பெற்றவர்கள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாட்கள் எடுப்பதாக அவர் 1960 இல் எழுதினார். அந்தக் "குறைந்தது" என்ற சொல் வாய்க்கு வாய் மாறும்போது உதிர்ந்துபோனது. இலண்டனில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரங்கள் கவனித்து 2010 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு செயல் தன்பாட்டில் நடக்கும் அளவுக்குப் படிவதற்கு எடுத்த காலம் நடுக்கணக்கில் 66 நாட்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்று, கவனித்த காலத்தையும் தாண்டி அவர்கள் கணித்தார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். ஒன்பதாம் நாள் காய்ச்சலில் படிக்காமல் விட்டதற்காக, விரதம் முறிந்துவிட்டதென்று பத்தாம் நாளும் புத்தகத்தைத் திறக்காமல் இருந்த எனக்கு இதை எவராவது அப்போதே சொல்லியிருக்கலாம்.

எடுக்க வேண்டியது அந்தச் சத்தம் போட்டு எழுப்பும் ஆளை. இந்த வருடம் பங்குனி மாதத்தில் பக்கத்து வளவுக்குக் குடிவந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தனியே நடக்கப் பயந்து, பெரியம்மாவைத் துணைக்குக் கேட்டார். இப்போது விடிய ஐந்தரைக்குக் கடப்படியில் நின்று, "வாகா, விடிஞ்சிட்டுது" என்று கூப்பிடுகிறார். வெளியே ஒரு மனிசி காத்துக்கொண்டு நிற்பதால் வீட்டுக்குள்ளும் அந்த அரை மணிநேரத்தை மறுப்பதற்கு எவருக்கும் வாய் வரவில்லை. மருமகள் அடுப்பைப் பற்ற வைத்துவிடுகிறாள். ஆசிரியை மகளின் பிள்ளைப்பேற்றுக்காகத் திருகோணமலைக்குப் போயிருந்த இரண்டு கிழமையும் பெரியம்மா ஒரு நாளாவது நடந்தாரா என்று கேட்டேன். இல்லை என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். ஆசிரியை திரும்பி வந்த மறுநாள் இருவரும் மீண்டும் கடற்கரைக்குப் போனார்கள்.

அதைப் பார்த்து நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசையில் இருக்கும் சிங்கள நண்பரிடம், பத்து மணித் தேநீருக்கு முன் சிங்களப் பத்திரிகையின் ஒரு செய்தியை நான் உரத்து வாசிப்பதாகவும், அவர் திருத்துவதாகவும், பதிலுக்கு அவர் என்னிடம் தமிழ்ச் செய்தி ஒன்றை வாசிப்பதாகவும் பேச்சு. வைகாசியிலிருந்து நடக்கிறது. என் உச்சரிப்பைக் கேட்டு அவர் சிரிப்பதும், அவருடைய ழகரத்தைக் கேட்டு நான் சிரிப்பதும் போக, நாளுக்கு ஆறேழு நிமிடம்தான் மிஞ்சும். நேற்று அவர் விடுமுறை. பத்திரிகை மேசையில் கிடந்தது, நான் தொடவில்லை. இன்று ஒன்பது ஐம்பதுக்கு அவரே அதை எடுத்து என் பக்கம் தள்ளினார்.