"கற்பனைதானே, எப்படி இருந்தால் என்ன?" என்று இனி யாராவது கேட்டால்

"சிவப்பு வெளியில இருந்தாத்தான் அண்ணை எடுப்பா இருக்கும். அதான் மாத்தி அடிச்சனான்."

சொன்ன தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். காலி வீதியில் ஒரு பிரிண்டிங் கடை, பெயர் வேண்டாம். என் மொடல் விமானத்தில் ஒட்டுவதற்கு நான் கொடுத்த கோப்பில் வெளியே நீலம், அடுத்து வெள்ளை, நடுவில் சிவப்பு. பிரித்தானிய விமானப்படையின் அடையாள வட்டம். அவன் நீட்டிய தாளில் வெளியே சிவப்பு, நடுவில் நீலம். அதுவும் ஒரு விமானப்படையின் வட்டம்தான். பிரான்சுடையது!

"தம்பி, இது பிரான்ஸ்காரன்ட பிளேனாகிட்டுதே" என்றேன். அவன் திரையிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. "நீங்கள்தானே சொன்னீங்கள், இப்பிடி ஒரு பிளேன் ஓடவே இல்லையெண்டு. கற்பனைதானே அண்ணை, எப்பிடி இருந்தா என்ன?"

எப்படி இருந்தால் என்னவா?

இந்தக் கேள்வியை நான் எத்தனை வாயிலிருந்து கேட்டுவிட்டேன். ஹார்ட்வெயார் கடையில் கேட்டார்கள், கல்யாண வீட்டில் கேட்டார்கள், லிஃப்டில் நின்று கேட்டார்கள். சொந்த மைத்துனன் கொத்துரொட்டியை மென்றுகொண்டே கேட்டான். எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துப்போனேன். இன்றைக்கு மொத்தமாகக் கொட்டிவிடுகிறேன்.

வெள்ளவத்தையில் இரண்டு அறை ஃபிளாட் எங்களுடையது. அதில் ஒரு அறையை டி.எஸ்.ஆர்.2 பிடித்துக்கொண்டிருக்கிறது. 1960களில் பிரித்தானியா செய்த ஒரு குண்டுவீச்சு விமானம் அது, என்னுடையது அதன் மொடல். 24இல் ஒரு பங்கு அளவு. நிஜ விமானம் 27 மீற்றர் நீளம் என்றால் என்னுடையது 1 மீற்றர் 13 சென்ரிமீற்றர். இந்தப் பெயரில் பிளாஸ்டிக் கிட் இருக்கிறது. எயார்ஃபிக்ஸ் என்ற மொடல் கம்பனி 72இல் ஒரு பங்கில் ஒன்றும் 48இல் ஒரு பங்கில் ஒன்றும் போட்டது. என்னுடைய அளவுக்குப் பெட்டியில் வந்த துண்டு எதுவும் உதவாது. குறுக்குச் சட்டங்கள் பிளைவூட், உடம்பின் தோல் பிளாஸ்டிக் ஷீட், எஞ்சின் குழாய்கள் இரண்டும் தண்ணீர்க் குழாய்க்காரரிடம் கேட்டு வாங்கிய பி.வி.சி. துண்டுகள். 2022இன் மின்வெட்டுக் காலத்தில் தொடங்கியது இது. ஒரு நாளில் 13 மணிநேரம் கரண்ட் போன நாட்களில் என்ன செய்ய முடியும்? மெழுகுதிரி வெளிச்சத்தில் சாண்ட் பேப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒருவரும் என்னை விசர் என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் பெற்றோல் வரிசையில் நிற்கவே நேரம் சரியாக இருந்தது.

சரி, விமானத்துக்கு வருவோம். டி.எஸ்.ஆர்.2 என் கற்பனை இல்லை. 1964 செப்டெம்பர் 27ஆம் திகதி இங்கிலாந்தின் பொஸ்கொம் டவுனில் பரிசோதனை விமானி ரோலண்ட் பீமொன்ட் அதை முதல் தடவையாக மேலே கொண்டுபோனார். 1965 ஏப்ரல் 6ஆம் திகதி வரவுசெலவுத் திட்ட உரையிலேயே அதன் கதையை முடித்துவிட்டார்கள். இரண்டு தேதிகளுக்கும் இடையில் பறந்தது ஒரே ஒரு விமானம், எக்ஸ்.ஆர்.219. பறந்தது 24 தடவை. முதல் ஒன்பது தடவையும் சில்லை உள்ளே மடிக்கவே முடியவில்லை. பிறகு அந்த விமானத்தைப் பீரங்கிச் சுடுதளத்துக்கு இழுத்துப்போய் இலக்காக வைத்துச் சுட்டார்கள். பறக்காமலே நின்ற வேறு இரண்டு விமானங்கள் அருங்காட்சியகங்களில் பிழைத்திருக்கின்றன. படையில் அது ஒரு நாள்கூடச் சேவை செய்யவில்லை.

என் கற்பனை இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. 1957இல் பண்டாரநாயக்க அரசு கட்டுநாயக்காவையும் திருகோணமலையையும் பிரித்தானியரிடமிருந்து திரும்ப எடுத்தது. அவர்கள் மாலைதீவின் தென்கோடியில் கான் என்ற துண்டுத் தீவில் ஓடுபாதை போட்டுக்கொண்டு 1976 வரை இருந்தார்கள். நான் மாற்றியது இரண்டே இரண்டு விஷயம். ஒன்று, கட்டுநாயக்கா கைமாறவில்லை. இரண்டு, 1965 வரவுசெலவு உரையில் அந்தப் பகுதி இல்லை. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. ஆண்டு 1970. கட்டுநாயக்காவில் வெயிலில் நிற்கிற ஒரு டி.எஸ்.ஆர்.2. அவ்வளவுதான் என் ஆசை.

இப்போது சொல்லுங்கள், இதை எப்படி வேண்டுமானாலும் செய்யலாமா?

நிஜமாகவே ஓடிய விமானத்தைச் செய்கிறவனுக்கு என்ன கவலை? படம் இருக்கிறது, பார்த்துப் பூசுகிறான். ஒருவன் வந்து "இந்த நிறம் பிழை" என்றால் படத்தைத் தூக்கிக் காட்டுகிறான். வாலில் நாய்க்குட்டி வரைந்திருந்தாலும் படத்தில் இருந்தால் சரி, ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். எனக்குப் படம் இல்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் நானே காரணம் காட்ட வேண்டும். அந்த எக்ஸ்.ஆர்.219 முழு வெள்ளையாகப் பறந்தது, ஏனென்றால் அணுகுண்டின் வெளிச்சச் சூட்டைத் திருப்பியடிக்க அந்தக் காலக் குண்டுவீச்சு விமானங்களை வெள்ளையாகப் பூசினார்கள். ஆனால் 1964 அளவில் வல்கன், விக்டர் எல்லாம் தாழப் பறக்கும் வேலைக்கு மாறி, மேற்பக்கத்தில் சாம்பலும் பச்சையும் ஏறிவிட்டது. அப்படியானால் 1970இல் என் விமானம் வெள்ளையாக நிற்குமா? நிற்காது. மேலே கருஞ்சாம்பலும் கரும்பச்சையும், வயிற்றில் மட்டும் வெள்ளை. வட்டத்தில் வெள்ளை வளையம் இருக்குமா? 1970 என்றால் இருக்கும். அதற்குச் சில வருடம் கழித்துத்தான் அந்த வெள்ளையை எடுத்து நீலமும் சிவப்பும் மட்டும் ஆக்கினார்கள். இலக்கம்? எக்ஸ்.ஆர். வரிசை பரிசோதனை விமானங்களுக்கு. அடுத்து எக்ஸ்.எஸ்.660 முதல் 670 வரை பதினொன்றுக்கு ஒதுக்கியிருந்தார்கள், அவை முடியவே இல்லை. அதிலிருந்து 665ஐ எடுத்தேன். இந்த ஒரு இலக்கத்துக்கு ஒரு வாரம் மண்டையைக் கசக்கியிருக்கிறேன். அந்தத் தம்பி ஐந்து நிமிடத்தில் பிரான்சுக்குக் கொடுத்துவிட்டான்.

பெயின்ட் கதை இதைவிட மோசம். எனாமல், லாக்கர் மொடல் பெயின்டை வெளிநாட்டிலிருந்து விமானத் தபாலில் எடுக்க முடியாது, தீப்பிடிக்கிற சாமான். சின்ன டப்பா இங்கே எங்காவது கிடைத்தாலும் ஒரு மீற்றர் விமானத்துக்கு அது கண்மை பூசுகிற அளவு. அதனால் புறக்கோட்டைப் பக்கம் பழைய சோனகத் தெருவுக்குப் போனேன். பிரித்தானிய நிறத் தர அட்டையில் கருஞ்சாம்பல் 638, கரும்பச்சை 641. இலக்கத்தை எழுதிக்கொண்டே போனேன். கடைக்காரர் தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, இறக்கி, "பச்சை எண்டா பச்சைதானே தம்பி" என்று கேற்றுக்குப் பூசுகிற பச்சையைத் தூக்கி வைத்தார். குறைந்தது ஒரு லீற்றர் எடுக்க வேண்டுமாம். "விமானத்துக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கடைப் பையன்கள் எல்லோரும் கிட்ட வந்துவிட்டார்கள். "எந்த விமானம்?" சொன்னேன். "அது இல்லாத விமானமா? அப்ப பிறகென்ன, இதையே பூசுங்கோ!"

இந்த மொத்தக் கொழும்பிலும் சரியான கேள்வியைக் கேட்ட மனிதர் ஒருவர்தான். பஞ்சிகாவத்தையில் கார்களுக்கு நிறம் கலக்கிற ஒரு வயதான சிங்களவர். நான் இலக்கங்களை நீட்டியதும் அவர் கேட்டது ஒரே வார்த்தை: "எந்த வருஷம்?" கார்க்காரருக்குத் தெரியும், ஒரே பெயருள்ள நிறம் வருஷத்துக்கு வருஷம் மாறும் என்று. 1970 என்றேன். தலையாட்டினார். நூறு மில்லிலீற்றரில் கலந்து, தகரத் துண்டில் தீட்டி, வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்துப் பார்த்து, இன்னும் இரண்டு துளி கறுப்பு விட்டார். விமானம் இருந்ததா இல்லையா என்று அவர் கேட்கவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, பொய் இல்லை.

ஆனால் நிறம் கிடைத்தால் மட்டும் போதுமா? வெள்ளவத்தைக் காற்றில் பாதி உப்பு, பாதி ரயில் தூசி. மழை ஈரத்தில் லாக்கர் அடித்தால் தின்னர் பறக்கிறபோது ஈரம் படிந்து, காய்ந்ததும் பச்சை நிறம் பால் ஊற்றியதுபோல வெளுத்துக் கிடக்கும். இரண்டு தடவை முழுவதையும் சுரண்டினேன். மூன்றாம் தடவை மழை விட்ட ஒரு பின்னேரம், விமானத்தைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்துப்போட்டு வயிற்றுக்குப் பளபளக்கும் வெள்ளை அடித்து முடித்தேன். கண்ணாடிபோல வந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். லைட்டை அணைக்க மறந்துவிட்டேன்.

ஈசல்.

பதினேழு ஈசல். எண்ணினேன். இறகைக் கழற்றிவிட்டு நடந்தும் இருக்கிறார்கள், ஓடுபாதையில் போவதுபோல.

அதைக்கூட மன்னிக்கலாம், ஈசலுக்கு ஏப்ரல் 6 தெரியாது. மேல்மாடி மாமாவை எப்படி மன்னிப்பது? நல்லூர்த் திருவிழாவுக்கு நாங்கள் யாழ்ப்பாணம் போன நாட்களில் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லித் திறப்பைக் கொடுத்தேன். டி.எஸ்.ஆர்.2இன் இறக்கை தட்டையானது, ஆனால் இரண்டு நுனியும் கீழ்நோக்கி மடிந்திருக்கும். அதுதான் அதன் முகவெட்டு. தூரத்தில் பார்த்தாலும் அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். அந்த மடிப்பை இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் கொண்டுவர எனக்கு இரண்டு மாதம் போனது. மாமா பார்த்திருக்கிறார். பாவம், வெக்கையில் வளைந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். நுனி ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பால்மா டின், மேலே என் மகளின் கணிதப் புத்தகங்கள். ஐந்து நாள். நாங்கள் கதவைத் திறந்தபோது விமானம் பலகைபோல நேராக நின்றது, மடிப்பு இரண்டிலும் வெடிப்பு.

"செட்டை ரெண்டும் தொங்கிப்போய்க் கிடந்தது தம்பி, நிமித்தி விட்டிருக்கிறன்" என்று வாசலில் நின்று சிரித்தார். அப்படியான மனுஷனை என்ன சொல்லி ஏசுவது? நன்றி மாமா என்றேன். தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்தேன். பிறகு மெதுவாக, அது நுனி மடிந்த விமானம்தான் என்று விளக்கினேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டது என்ன தெரியுமா? "ஓடாத பிளேன்தானே, நேரா இருந்தா வடிவில்லையா?"

ஒரே ஒருவர் கேட்ட கேள்விக்கு மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. கிளிநொச்சியிலிருந்து பெரியம்மா கண் கிளினிக்குக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தார். முதல் நாள் அறைக் கதவடியில் நின்று பார்த்தவர், "இது கிபிரோ?" என்றார். கிபிர் என்றால் போர்க்காலத்தில் வடக்கில் குண்டு போட்ட ஜெட். இல்லை பெரியம்மா, இது வெள்ளைக்காரனுடையது, சண்டைக்குப் போகவேயில்லை என்று சொன்னேன். "ஓம் ராசா" என்றார். பிறகு அந்த அறைப் பக்கம் வரவில்லை. குசினிக்குப் போவதற்குக்கூட விறாந்தையைச் சுற்றிப் போனார். அன்று இரவே பெட்ஷீற்றால் மூடிவிட்டேன். அவர் பஸ் ஏறும்வரை திறக்கவில்லை. என் வரலாற்றை 1970இலேயே நிறுத்தியதற்குப் பெயின்ட் மட்டும் காரணம் இல்லை. அதற்கு மேல் ஒரு வருடம் நகர்த்தினாலும் இந்த வானத்தில் வேறு விமானங்கள் வரத் தொடங்கிவிடும். அவற்றை என் மேசையில் வைக்க எனக்கு மனமில்லை.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் கோலம் போடும்போது புள்ளி பிசகினால் அழித்துவிட்டுப் போடுகிறீர்களே, ஏன்? அந்தக் கோலம் முன்னே எங்காவது இருந்ததா? கறிக்கு உப்புக் கூடினால் ஏன் கத்துகிறீர்கள்? நான் கேட்கிறேனா, "சாப்பிட்டு முடியப் போகிற கறிதானே" என்று?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தம்பி ஃபோன் எடுத்தான். இரண்டாவது தாளுக்கும் காசு கட்டிவிட்டு வந்திருந்தேன். குரலில் ஒரே சந்தோஷம்.

"அண்ணை, வட்டம் நீங்கள் சொன்னபடி நீலம் வெளியில போட்டாச்சு. முடிஞ்சுது, வந்து எடுங்கோ. ஒரு சின்னப் பிழை கிடந்தது, அதையும் திருத்திட்டன்."

"என்ன பிழை?"

"நம்பருக்கு முன்னால எக்ஸ்.எஸ். எண்டு கிடந்தது அண்ணை. டீ-சேர்ட் சைஸ் மாறி விழுந்திட்டுது போல. அதை எடுத்திட்டு 665 எண்டு மட்டும் அடிச்சிருக்கிறன்."

கடை எட்டு மணிக்குப் பூட்டுவான். போகிறேன்.